நடுவில் ஒரு சாண் காலியாக இருக்கட்டுமே!



கோடை விடுமுறைக்கு சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். ஹாலில் நாலடி நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி, உள்ளே உயிருள்ள பவளங்கள். பார்த்தவுடனே நான் கேட்டது, "என்ன சித்தப்பா, பாதித் தொட்டி சும்மா கிடக்குது?" அவர் சிரித்துக்கொண்டே புதிதாக வாங்கிய கேலக்ஸியா பவளத்தை என்னிடம் கொடுத்தார். அதை மூளைப் பவளத்துக்குப் பக்கத்தில், நாலு விரல் தள்ளி நான்தான் வைத்தேன். ஜோடியா அழகா இருக்கும்னு நினைப்பு.

மூன்றாவது வாரம் மூளைப் பவளத்தின் ஓரம் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. சதை போய் எலும்புக்கூடு தெரிந்தது. ஏதோ நோய் என்றுதான் நினைத்தோம். ராத்திரி விளக்கை அணைத்து, டார்ச் லைட்டில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கேலக்ஸியாவிலிருந்து நூல் நூலாகக் கைகள் நீண்டு, தண்ணீர் ஓடும் பக்கமாக ஆடிக்கொண்டிருந்தன. நுனியில் எல்லாம் கொட்டும் செல்கள். பகலில் இது ஒன்றுமே வெளியே தெரியாது!

பவளம் ஒரு பிராணி. எழுந்து ஓட முடியாத பிராணி. அதனால் இருந்த இடத்திலேயே சண்டை போடுகிறது. 1970-களின் தொடக்கத்தில் ஜமைக்கா கடலில் ஆராய்ந்த ஜூடித் லாங் என்பவர், சில பவளங்கள் தங்கள் வயிற்று இழைகளையே வெளியே நீட்டி, பக்கத்துப் பவளத்தை ஜீரணித்துவிடுவதை எழுதி வைத்திருக்கிறார்.

"கடல்ல மட்டும் நெருக்கமாத்தானே இருக்கு?" என்று என் பெஞ்ச் நண்பன் கேட்டான். நல்ல கேள்விதான். கடலிலும் சண்டை உண்டு, அங்கேயும் தோற்றது சாகிறது. ஆனால் அங்கே கொண்டுபோய் வைத்தது நாம் இல்லையே! இன்னொன்று, தோல் பவளம் என்கிற மெத்துமெத்தென்ற வகை தண்ணீரிலேயே ரசாயனத்தைக் கலந்துவிடும். கடல் அதை அடித்துக்கொண்டு போய்விடும். தொட்டியில் அது எங்கே போகும்? அதற்கு இடைவெளி மட்டும் போதாது, வடிகட்டியில் கரி போட்டு அடிக்கடி மாற்ற வேண்டும்.

ஆகவே என் கருத்து இதுதான். கேலக்ஸியா, டார்ச் பவளம் போன்ற முரட்டு ஆட்களைச் சுற்றி ஒரு சாணாவது விட வேண்டும். தண்ணீர் பாயும் திசையில் இன்னும் கூடுதலாக. வளரும் இடத்தையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும், கிளைவிடும் வகைகள் மளமளவென்று வளரும். ஹேம்மர் பவளமும் ஃப்ராக்ஸ்பானும் மட்டும் சொந்தக்காரர்கள் மாதிரி, பெரும்பாலும் ஒட்டி இருந்தாலும் சண்டை வராது. பட்டன் பவளத்தை வெறுங்கையால் தொடாதீர்கள். சில வகைகளில் இருக்கும் பாலிடாக்ஸின் மனிதனுக்கே ஆபத்தான விஷம்.

(நம்ம மண்டபம், தூத்துக்குடி கடலில் எடுத்து வந்து வளர்க்கலாமே என்று யாரும் கிளம்ப வேண்டாம். பாறை கட்டும் பவளங்களுக்கு 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவல் உண்டு.)

கேலக்ஸியாவை இப்போது தொட்டியின் மறு கோடிக்கு மாற்றியாச்சு. நடுவில் வெறும் மணல். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம், "ஏன் இவ்ளோ காலியா விட்டிருக்கீங்க?" என்று கேட்கிறார்களாம். மூளைப் பவளத்தில் வெளுத்த ஓரத்தில் பாசி பிடித்துவிட்டது. மீதிப் பாகம் ராத்திரியில் வாயைத் திறந்து இரை வாங்குகிறது என்று போன வாரம் சித்தப்பா போனில் சொன்னார்.

- 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு