துவக்கும் மானும் பொதுக்காடும்

கனடாவிலிருந்து விடுமுறையில் வந்த பொறியியலாளர் ஒருவர் சென்ற கிழமை கொம்பனித்தெருவிலே எம்மைச் சந்தித்தார். ஒன்ராறியோ மாகாணத்தில் வேட்டைப் பயிற்சி பெற்று, பரீட்சையிலும் தேறி, மான் சுட உரிமைச் சீட்டு எடுத்தவர் அவர். "எங்கள் பூட்டனார் வன்னியிலே மான் சுட்டவர். நானும் அங்கே போய்ப் பழகலாமா, ஐயா? காடு பொதுச் சொத்துத்தானே?" என்று வினவினார். வினா சிறிது, விடை சிறிதன்று. வேறு பலரும் இதனை மனத்துள் வைத்திருப்பர் என்பதால் ஈண்டே விடை பகர்கின்றோம்.

முதற்கண் சட்டம். இலங்கையில் இன்று பொழுதுபோக்குக்காகவோ இறைச்சிக்காகவோ மானைச் சுட எவருக்கும் அனுமதி இல்லை. புள்ளிமானாயினும் மரையாயினும் சருகுமானாயினும் இதுவே விதி. அரச காட்டிலும் இல்லை. சொந்தக் காணியிலும் இல்லை. எனவே துவக்கோடு புறப்பட எண்ணும் புதியவருக்கு எமது முதல் அறிவுரை, துவக்கை வீட்டிலே வைத்துவிட்டுப் போங்கள் என்பதே.

ஆயினும் இச்சட்டம் வந்த வழியை மறந்துவிடலாகாது. கொம்பனித்தெருவிலே றைபிள் வீதி என்றொரு வீதி உண்டு. மலாய்ச் சிப்பாய்கள் பலர் பணிபுரிந்து, 1873இல் கலைக்கப்பட்ட இலங்கை றைபிள் படையை நினைவூட்டும் பெயர் அது. அப்படையின் மேஜர் றொஜர்ஸ் ஆயிரத்து நானூறு யானைகளைக் கொன்றவர் எனப் பேசப்பட்டவர். 1845இல் அப்புத்தளையில் இடிவிழுந்து மாண்டார். உழாத நிலமும் காடும் முடிக்குரியவை என்று 1840ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவிட்ட காலம் அது. ஊரார் விறகும் தேனும் எடுத்த காடு ஒரே கையெழுத்தில் அரசின் காடாயிற்று. துரைமார் அங்கே விளையாடினர். விலங்கு அருகியபோது 1894இல் வேட்டைப் பிராணிகளைக் காக்கச் சங்கம் அமைத்தோரும் வேட்டைக்கார துரைமாரே. பின்னர் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. அனுமதிச்சீட்டுப் பெற்றுச் சுட அதில் இடமிருந்தது. பிற்காலத் திருத்தங்கள் அவ்வாயிலை அடைத்தன.

அடைத்தது தவறா? தவறென்று நாம் கூறோம். ஆனால் அடைத்த கதவு யார் முகத்தில் மோதிற்று? 1983இல் மாதுறு ஓயா தேசிய வனம் பிரகடனமானபோது, தலைமுறை தலைமுறையாக அக்காட்டிலே வாழ்ந்த வேடர் தம் சொந்தக் காட்டிலேயே கள்வராயினர். தம்பானையை விட்டு அகல மறுத்த முதுதலைவர் திசாஹாமி 1998இல் கண்மூடும்வரை அவ்வழக்கு நெஞ்சை உறுத்திற்று. வாகரைக் கரையில் தமிழ் பேசும் வேடரும் நம்மவரே. துரை சுட்டால் விளையாட்டு, வேடன் பிடித்தால் களவு என்ற நீதி நெடுநாள் செல்லாது.

கனடாவிலே ஏன் இடமுண்டு என நண்பர் கேட்பார். ஒன்ராறியோவின் நிலத்தில் நூற்றுக்கு 87 பங்கு அளவில் முடிக்குரிய நிலம். அங்கே புதியவர் பயிற்சி பெற வேண்டும். துவக்குக்குத் தனி உரிமம் வேண்டும். மானுக்கு அடையாளச் சீட்டு வேண்டும். செம்மஞ்சள் அங்கி அணிய வேண்டும். பருவம் முடிந்தபின் கணக்கும் ஒப்புவிக்க வேண்டும். அமெரிக்காவிலோ, நமது கட்டளைச் சட்டம் பிறந்த அதே 1937இல், துவக்குக்கும் தோட்டாவுக்கும் விதித்த வரி வனவிலங்குப் பணிக்கே செல்ல வேண்டும் எனச் சட்டமாயிற்று. எண்ணி, அளந்து, காத்து, அதன்பின் சுடும் முறை அது. நம்மிடம் அத்தகைய எண்ணிக்கை எங்கே? 2025 மார்ச் 15ஆம் நாள் காலை குரங்கையும் மயிலையும் ஐந்தே நிமிடத்தில் நாடெங்கும் எண்ணினோம். அதனை வைத்துக்கொண்டு மான் சுடச் சீட்டுக் கொடுப்பது அறிவுடைமை ஆகுமா? மேலும், புலி இல்லாத இத்தீவில் சிறுத்தையே காட்டின் தலையாய வேட்டை விலங்கு. யாலவில் அதன் முதன்மை இரை புள்ளிமான். மான் குறையின் சிறுத்தை குறையும். அல்லது ஊர்மாட்டைத் தேடி வரும்.

இன்று மானை அழிப்பது உரிமம் பெற்ற வேட்டைக்காரன் அல்லன்; கம்பிச் சுருக்கும் கட்டுத்துவக்குமே. சுருக்கு மானுக்கும் சிறுத்தைக்கும் வேறுபாடு அறியாது. கட்டுத்துவக்கோ விறகுக்குப் போன மனிதனின் காலையும் பறிக்கும். வைப்போருள் வியாபாரியும் உளர். விளைந்த வயலைப் பன்றி உழுதெறிய, இரவெல்லாம் பரணில் விழித்திருந்து வெறுத்துப்போன கமக்காரரும் உளர். முன்னவருக்குத் தண்டனை போதும். பின்னவருக்குத் தண்டனை மட்டும் போதாது.

ஆதலின் நாம் வேண்டுவன சில. பயிரழிவுக்கு இழப்பீடு அடுத்த போகத்துக்கு முன் கைக்கு வரவேண்டும். வேலி அமைக்க அரசு தோள்கொடுக்க வேண்டும். வனத்தின் எல்லையும் விதியும் தமிழில், ஊரறிய அறிவிக்கப்படவேண்டும். போர் ஓய்ந்து மீளக்குடியேறிய வன்னிக் கமக்காரர், தாம் உழுத நிலத்திலே வனத்தின் எல்லைக்கல் நிற்கக் கண்டு திகைத்தனரே! உழுதவனைக் கேளாமல் நாட்டிய கல் காட்டைக் காக்காது, பகையையே வளர்க்கும். காட்டருகே வாழ்வோரைக் காவலராக்குங்கள்; கள்வராக்காதீர்கள்.

பொறியியலாளருக்கு ஒரு சொல். வேட்டைக்காரனின் கல்வியில் முக்காற்பங்கு துவக்கிலே இல்லை. காற்று வீசும் திக்கு, குளம்பின் தடம், நீர்நிலைக்கு இறங்கும் வழி, மந்தி உதிர்க்கும் தழைக்கு மரத்தடியிலே மான் காத்து நிற்கும் நேரம் ஆகிய இவற்றை அறிந்த ஊர் முதியவர் ஒருவரோடு நடந்து பாருங்கள். திருகோணமலைக் கோட்டையருகே கூட்டமாய்த் திரியும் புள்ளிமான்களிடமிருந்தே தொடங்கலாம். கையிலே தொலைநோக்கி போதும்.

பூட்டனார் மானைச் சுட்டார். ஆனால் அவர் காலத்திலே மான் இருந்தது. பேரர் காலத்திலும் மான் இருக்கவேண்டுமென்றால், நாம் கைக்கொள்ள வேண்டிய வேட்டை இதுவே.