முதலில் பிரேக், அப்புறம் பெயின்ட்: பழைய ஹெரால்டை வீட்டிலேயே ரெடி பண்ணுபவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

மயிலாப்பூர், அடையாறு பக்கத்துப் பழைய வீடுகள் சிலவற்றில் இன்னமும் கவர் போட்டு மூடிய ஒரு கார் நிற்கிறது. தாத்தா ஓட்டியது, அப்பா விற்க மனசில்லாமல் வைத்திருந்தது. இப்போது பேரனுக்கோ பேத்திக்கோ கையில் கொஞ்சம் சம்பளப் பணம், ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் நேரம், யூடியூபில் நிறைய வீடியோ. முதல் வேலையாக என்ன செய்கிறார்கள்? பெயின்ட்டுக்கு கொட்டேஷன் வாங்குகிறார்கள். தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கவருக்குள் இருப்பது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்றால், அது இந்த ஊர் வண்டி. பிரிட்டனில் 1959-இல் ட்ரையம்ப் ஹெரால்டாக வந்த அந்த காரை, 1961 முதல் சென்னைக்கு வெளியே வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் தயாரித்தது. ‘அது குடும்ப கார்தானே, ஸ்போர்ட்ஸ் கார் எப்படி?’ என்று கேட்கலாம். இதே ஹெரால்டின் சேஸிஸைக் கொஞ்சம் குட்டையாக்கித்தான் 1962-இல் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. இரண்டையும் வரைந்தவர் இத்தாலியின் ஜொவான்னி மிக்கெலோட்டி. பங்காளி முறை என்று வைத்துக்கொள்ளலாம். நோய்களும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

வீட்டில் வைத்து வேலை பார்க்க இதைவிட வசதியான கார் கிடைப்பது கஷ்டம். பானெட், முன்பக்க மட்கார்டு எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாக முன்னால் கவிழும். முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து இன்ஜினில் கை வைக்கலாம். ஆரம்ப கால ஹெரால்டின் இன்ஜின் வெறும் 948 சிசி. சென்சார் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது.

அதனாலேயே வரும் ஒரு வியாதி, கண்டதையும் மாற்றுவது. “அண்ணே, ஸ்டார்ட் ஆகல” என்று போன் போட்டால், “கார்புரேட்டரை மாத்திடுப்பா” என்று ஒரு பதில் வரும். உடனே புதுப்பேட்டை, இல்லாவிட்டால் ஜி.பி. ரோடு. பெரும்பாலும் தேவையே இல்லை. செல்ஃப் சுற்றுகிறதா, ஸ்பார்க் வருகிறதா, பெட்ரோல் வருகிறதா என்று வரிசையாகப் பார்த்தாலே போதும். ஸ்பார்க் இல்லையென்றால் முதல் சந்தேகம் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட்டின் மேல். அதன் இடைவெளி சுமார் 0.38 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வருஷக்கணக்கில் சும்மா நின்ற காரில் பாயின்ட் பாசி பிடித்தாற்போல் கறுத்திருக்கும். மெல்லிய உப்புத்தாளால் ஒரு இழுப்பு இழுத்தாலே பல வண்டிகள் உயிர் பெற்றுவிடும்.

பெட்ரோல் சமாச்சாரம் இப்போது வேறு மாதிரி ஆகிவிட்டது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் என்ற இலக்கை இந்தியா 2025-இலேயே எட்டிவிட்டது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? கூடவே, அறுபதுகளின் ரப்பர் ஹோஸ்கள் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஊறும், இளகும், வெடிக்கும். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. அதுவும் தி. நகர் அபார்ட்மென்ட்டின் கீழ்த்தள பார்க்கிங்கில். எனவே டேங்க்கிலிருந்து கார்புரேட்டர் வரை உள்ள எல்லா ஹோஸையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்ற வேண்டும். பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரத்தையும் சேர்த்து. ‘பழையது நல்லாத்தானே இருக்கு’ என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை.

இப்போது பிரேக். ஆரம்ப கால ஹெரால்டில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக் லைன்தான். இன்றைய கார்களில் இரண்டு தனித்தனி லைன் இருக்கும். ஒன்று போனாலும் மற்றொன்று பிடிக்கும். ஹெரால்டில் ஏதோ ஒரு சக்கரத்தின் பின்னால் ஒரு சின்ன ரப்பர் கப் கிழிந்தால் போதும், பெடல் தரை வரை இறங்கிவிடும். மிச்சம் ஹேண்ட் பிரேக் மட்டும். பனகல் பார்க் சிக்னலில் முன்னால் ஒரு மாநகரப் பேருந்தும் பக்கத்தில் ஸ்கூட்டரில் குழந்தையோடு ஒரு அம்மாவும் நிற்கும்போது இது நடந்தால்?

நின்றே கிடந்த காரில் இந்த ரப்பர்தான் முதலில் சாகும். பிரேக் ஆயிலும் ஈரத்தை உறிஞ்சும். உள்ளே வீல் சிலிண்டரில் துரு ஏறும். அந்தத் துரு புது ரப்பரையும் கீறும். ஆகவே வெறும் கிட் மட்டும் மாற்றுவது அரைகுறை வேலை. சிலிண்டர் சுவரை விரலால் தடவிப் பார்த்து, குழி தட்டுப்பட்டால் சிலிண்டரையே மாற்ற வேண்டும். மாஸ்டர் சிலிண்டர், ஹோஸ்கள், ஸ்டீல் பைப் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். பிறகு ஆயில் ஊற்றி, நான்கு சக்கரத்திலும் ஏர் எடுக்க வேண்டும். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் இன்னும் காற்று இருக்கிறது என்று அர்த்தம். காரை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் படுக்கவே கூடாது; ஸ்டாண்ட் போட்ட பிறகுதான்.

இதை வீட்டிலேயே செய்யலாமா? கழற்றுவது, சுத்தம் செய்வது, மாட்டுவது எல்லாம் செய்யலாம். ஆனால் சாலையில் இறக்கும் முன் பழைய கார் தெரிந்த ஒரு மெக்கானிக்கின் கண் கட்டாயம் பட வேண்டும். அந்தக் கூலி பெயின்ட் செலவில் ஒரு மூலைக்குக்கூட வராது. இரட்டை லைன் மாஸ்டர் சிலிண்டருக்கு மாறினால் ‘ஒரிஜினாலிட்டி போயிடும்’ என்று தயங்குபவர்கள் உண்டு. போகட்டுமே. கண்காட்சிக்கு மட்டும் போகும் கார் என்றால் அந்தத் தயக்கம் சரி; சாலையில் ஓடப் போகும் காருக்கு அது வீண் பெருமை.

காகித வேலையும் உண்டு. முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டிய காரை, 2021-இல் வந்த மத்திய விதிகளின்படி ‘விண்டேஜ்’ என்று பதியலாம்; சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. புதிதாகப் பதியக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஆனால் அந்த எண்ணோடு தினமும் ஆபீஸ் போக முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு மாதிரியான வேலைகளுக்கு மட்டும்தான். எதற்காக ரெடி பண்ணுகிறோம் என்பதை ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது.

எல்லாம் முடிந்ததும் நேராக மெரினாவுக்குப் போய் ரீல்ஸ் எடுக்கும் ஆசை வரத்தான் செய்யும். முதல் ஓட்டம் விடியற்காலை, ஆள் இல்லாத தெருவில், 20 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கட்டும். ஹேண்ட் பிரேக் மேல் ஒரு கை. பத்து முறை நிறுத்திப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் நான்கு டயரின் உள்பக்கத்திலும் டார்ச் அடித்து ஈரம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். மறுநாள் காலை ஆயில் லெவலையும் ஒரு முறை. இறங்கியிருந்தால், கவரை மறுபடி போட்டு மூடிவிட்டு மெக்கானிக்குக்கு போன் போடலாம்.