கல்லேறும் காருக்கு ஸ்டாப்வாட்ச் எதற்கு?

வருகிற பொங்கலுக்கு உறியடி, கோலப்போட்டியோடு ரிமோட் கார் போட்டியும் வைக்கப் போவதாக நம்ம தியாகதுருகத்துப் பையன்கள் சிலர் சொன்னார்கள். ரேஸ் இல்லை, பாறையில் ஏறுகிற கார். ‘ராக் கிராலர்’ என்று பெயர். கல்லுக்கு நம்ம ஊரில் பஞ்சமா? சந்தோஷமாகத்தான் இருந்தது. விதி என்னப்பா என்று கேட்டேன். “யார் சீக்கிரம் மேலே ஏறுறாங்களோ அவங்களுக்குப் பரிசு சார்” என்றார்கள்.

முப்பது வருஷம் விசிலோடு மைதானத்தில் நின்ற உடற்கல்வி ஆசிரியன் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்த விதி வேண்டாம்.

பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. நிஜ ஜீப்பைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கிய வண்டி அது. நாம் நடக்கிற வேகம்கூட அதற்குத் தேவையில்லை. நான்கு சக்கரமும் பூட்டினாற்போல் ஒன்றாகச் சுற்றுவதால், ஒன்று அந்தரத்தில் தொங்கினாலும் மற்றவை இழுத்துக்கொண்டு போகும். டயருக்குள் காற்றுக்குப் பதில் ஸ்பாஞ்ச் இருக்கும். அது கல்லின் மேல் அமுங்கிப் பிடிக்கும். ஓட்டுகிறவர் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கூடவே நடப்பார். மெதுவாகப் போவதற்கென்றே செய்த வண்டியின் முன்னால் ஸ்டாப்வாட்ச்சை நீட்டினால் என்ன ஆகும்? யோசிக்கிறவன் தோற்பான், முறுக்குகிறவன் ஜெயிப்பான். பெரிய மோட்டார் வாங்கப் பணம் உள்ளவனுக்கு இன்னும் சுலபம்.

அமெரிக்காவில் நிஜ வண்டிகளைப் பாறையில் ஏற்றும் போட்டிகள் நடக்கின்றன. அதே கணக்கைத்தான் இந்தச் சின்ன வண்டிகளுக்கும் வைத்திருக்கிறார்கள். கோல்ஃப் மாதிரி, புள்ளி குறைந்தவர் வெற்றி. இரண்டு குச்சி நட்டால் ஒரு வாசல். இப்படிப் பல வாசல்களை வரிசையாகத் தாண்ட வேண்டும். ரிவர்ஸ் எடுத்தால் 1 புள்ளி தண்டம். குச்சியில் இடித்தால் 10. கவிழ்ந்த வண்டியைக் கையால் தொட்டுத் தூக்கினால் அதற்கும் தண்டம் உண்டு. வாசலை ஒழுங்காகத் தாண்டினால் புள்ளி கழியும். நேரத்துக்கு ஓர் உச்சவரம்பு மட்டும் உண்டு.

இந்த 1-க்கும் 10-க்கும் உள்ள இடைவெளியில்தான் ஆட்டமே இருக்கிறது. ஒன்பது முறை பின்னால் வந்து வளைத்துப் பார்த்தாலும், குச்சியில் ஒரு தடவை இடிப்பதைவிட லாபம். ஆகவே மாட்டிக்கொண்டவன் நின்று, குனிந்து, எந்தச் சக்கரம் எந்தக் கல்லில் இருக்கிறது என்று பார்ப்பான். ரிவர்ஸுக்கும் 10 என்று வைத்துப் பாருங்கள், கண்ணை மூடிக்கொண்டு முறுக்கத்தான் செய்வான். தண்டமே இல்லையென்றால் முன்னும் பின்னும் நாள் முழுக்க ஆட்டிக்கொண்டிருப்பான்.

நமக்கு இது புதிதும் இல்லை. பாண்டி ஆட்டத்தில் கோட்டை மிதித்தால் அவுட். லைசென்ஸுக்கு எட்டு போடும்போது காலை ஊன்றினால் போச்சு. எத்தனை விநாடியில் எட்டு போட்டாய் என்று எந்த இன்ஸ்பெக்டரும் கேட்டதில்லை. பைக்கைப் பாறையில் ஏற்றும் ‘டிரையல்’ போட்டியிலும் ஒரு தடவை கால் ஊன்றினால் 1 புள்ளி, தடத்தை முடிக்க முடியாவிட்டால் 5.

விதி சரியாக இருந்தும் தடம் சரியில்லையென்றால் போட்டி கெட்டுவிடும். எல்லோரும் தாண்டுகிற வாசல் வீண், ஒருவரும் தாண்டாத வாசலும் வீண். முதல் இரண்டு வாசல் சின்னப் பையனும் தாண்டும்படி இருக்கட்டும், வந்தவன் அழுதுகொண்டு திரும்பக் கூடாது. செங்குத்தாக ஏற்றுவது மட்டும் சோதனை இல்லை. பக்கவாட்டுச் சரிவில் வண்டியைக் கவிழாமல் கொண்டுபோவதுதான் உண்மையான கஷ்டம். ஆடுகிற கற்களை முந்தின நாளே எடுத்துவிட வேண்டும். நாலாவது வண்டி ஒரு கல்லைப் புரட்டிவிட்டால், ஐந்தாவது ஆளுக்குக் கிடைப்பது வேறு தடம். அதனால்தான் யார் முதலில் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடச் சொல்கிறேன்.

வண்டிகளைப் பிரிப்பதும் முக்கியம். வெளிநாட்டில் சக்கரத்தின் விட்டத்தை வைத்து 1.9 அங்குலம், 2.2 அங்குலம் என்று வகுப்பு பிரிக்கிறார்கள். பெரிய சக்கரத்துக்குச் சின்னக் கல் ஒரு பொருட்டே இல்லையே. நம்ம ஊருக்கு இன்னொரு வகுப்பும் வேண்டும், கடையில் வாங்கிய பொம்மை வண்டிக்கு. கூலிக்காரர் வீட்டுப் பையனும் அதில் நிற்கலாம்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. கோட்டை மலைப் பக்கம் போக வேண்டாம். ஹைதர் அலி, திப்பு காலத்துச் சண்டைகளைப் பார்த்த கோட்டை அது. ஏற்கெனவே பெயர் கிறுக்கி வைத்திருப்பது போதும், வாசலுக்கு நம்பர் என்று பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஊருக்கு வெளியே சும்மா கிடக்கும் கல்லாங்குத்து போதும். கயிறும் குச்சியும் சாக்பீஸும் இருந்தால் ஆயிற்று, சாயங்காலம் சுருட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

தடத்துக்கு இரண்டு நடுவர் போடுங்கள். ஒருவர் சக்கரத்தை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது, இன்னொருவர் எழுதட்டும். தடம் போட்டவர் அந்தத் தடத்தில் ஓட்டக் கூடாது. ‘நான்தானே சார் கல்லெல்லாம் தூக்கிப் போட்டேன்’ என்று ஒருவன் இப்போதே முணுமுணுக்கிறான்.