மாத்திரை வருகிறது, சோதனையும் வரட்டும்

ஓசூரை அடுத்த சாமனப்பள்ளியில்தான் 5-8-2021 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கிற்று. ரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. நல்ல காரியம். 2024-ல் ஐ.நா. விருதும் கிடைத்தது.

ஆனால், இவ்விரு வியாதிகளும் ஓசையின்றி அரிப்பது சிறுநீரகத்தை. பாதிக்கு மேல் பழுதாகும் வரை நோவே தெரியாது. சிறுநீரகம் தளர்ந்தால் உடம்பில் நீர் தேங்கி இருதயம் திணறும். இருதயம் தளர்ந்தால் சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையும். நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரை மிஞ்சினால் சிறுநீரகம் வாடும். குறைந்தால் மூச்சு முட்டும். இந்த அளவைப் பிடிப்பது நம் தெருக்கோடி டாக்டரின் வேலை. அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூர் நிபுணரிடம் மாதாமாதம் போக யாரால் ஆகும்? கிரியேட்டினின், பொட்டாசியம், சிறுநீர்ப் புரதம் இவை தெரியாமல் அந்த டாக்டர்தான் என்ன செய்வார்?

ஷிப்டு முடிந்த தொழிலாளி இடுப்பு வலிக்கு மருந்துக் கடையில் டைக்ளோபினாக் வாங்கி விழுங்குகிறார். சீட்டு கேட்பாரில்லை! தளர்ந்த சிறுநீரகத்துக்கும் இருதயத்துக்கும் அது பெரும் கேடு. இரண்டுக்கும் உதவுகிற டாபாகிளிப்ளோசின் மருந்தோ, காப்புரிமை முடிந்து விலை இறங்கியிருக்கிறது. அது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆரம்ப சுகாதார நிலையங்களில் 2023 முதல் சிறுநீர்ப் புரதம் பார்க்கிறார்கள். பகல் ஷிப்டுக்காரர் கூலியை இழந்தா போவார்? 2024 முதல் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' ஆலைக்கே வருகிறது. கொதிப்பும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை கிரியேட்டினினையும் அங்கேயே பார்த்து, முடிவைச் சீட்டில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும்.

இருதயம் தளர்ந்தவர்கள் தினமும் காலையில் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால், கால் வீங்கும்வரை காத்திராமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.