எத்தனை மணித்தியாலம்?

புதிதாக ஒரு வீடியோ கேம் வந்தால் எங்கள் வீட்டில் நானா கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மணித்தியாலம் ஓடும்?" என்பதுதான். கதை என்ன, நல்லதா கூடாததா என்பதெல்லாம் பிறகு. நானாவை மட்டும் குறை சொல்ல முடியாது. விளையாடுகிறவர்களில் பலர் இதைத்தான் கேட்கிறார்கள். விற்பவர்களும் அதற்கேற்ற பதிலைச் சொல்லப் பழகிவிட்டார்கள்.

2022 ஜனவரியில் போலந்தைச் சேர்ந்த டெக்லேண்ட் நிறுவனம், தனது 'டையிங் லைட் 2' விளையாட்டை முழுமையாக முடிக்க ஆகக் குறைந்தது 500 மணித்தியாலம் வேண்டும் என்று டுவிட்டரில் பெருமையோடு அறிவித்தது. வார்சோவிலிருந்து மாட்ரிட்டுக்கு நடந்து போக எடுக்கும் நேரத்துக்குக் கிட்டத்தட்டச் சமம் என்று ஓர் ஒப்பீடு வேறு. பாராட்டை எதிர்பார்த்தவர்களுக்கு விமர்சனம்தான் அதிகம் கிடைத்தது. பிறகு, பிரதான கதையை முடிக்க 20 மணித்தியாலம் போதும் என்று அவர்களே விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. 500 மணித்தியாலம் என்றால், நாளுக்கு ஒரு மணித்தியாலம் வீதம் ஒரு வருடமும் நான்கரை மாதமும். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் ஒருத்தியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இந்த நீளம் பல விளையாட்டுகளில் எப்படி வருகிறது? பத்துப் பூப் பறித்து வா, ஐந்து பெட்டி தேடி வா என்று வரைபடம் முழுக்க ஒரே மாதிரிச் சில்லறை வேலைகள். இரண்டு பக்கம் வர வேண்டும் என்பதற்காக ஒரே விடயத்தை மூன்று விதமாக நாம் எழுதும் பரீட்சைக் கட்டுரைகள்தான் எனக்கு ஞாபகம் வரும்.

மறுபக்கம் பாருங்கள். 1984இல் மொஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் உருவாக்கிய 'டெட்ரிஸ்' விளையாட்டில் கதையே இல்லை. ஏழு வகைத் துண்டுகள், அவ்வளவுதான். இன்றும் ஆட்கள் விளையாடுகிறார்கள். 1985இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டில் 32 கட்டங்கள். குறுக்குவழி தெரிந்த வல்லவர்கள் ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். முடித்தும் விடுவதில்லை, இன்னும் ஒரு நொடியின் சிறு பங்கைக் குறைக்க மீண்டும் தொடங்குகிறார்கள்.

எனக்கு இதைப் புரியவைத்தது 'அண்டர்டேல்'. டோபி ஃபொக்ஸ் 2015இல் வெளியிட்ட சின்ன விளையாட்டு. சில மணித்தியாலங்களில் முடிந்துவிடும். அதில் டொரியல் என்று தாய் போன்ற ஒரு பாத்திரம். வழியை மறிக்கிறாள் என்று, வேறு வழி தெரியாமல் அவளைக் கொன்றுவிட்டேன். மனசு கேட்கவில்லை. பழைய இடத்திலிருந்து மறுபடி தொடங்கி, பொறுமையாக இருந்து, அவளை உயிரோடு விட்டேன். தவறைத் திருத்திவிட்டேன் என்ற நிம்மதியோடு அடுத்த அறைக்குப் போனால், அங்கே நிற்கும் பூ ஒன்று, நான் முதலில் அவளைக் கொன்றதையும், பிறகு வருந்தித் திரும்பி வந்ததையும் எனக்கே எடுத்துச் சொல்லிச் சிரிக்கிறது! கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனேன். இரண்டாம் முறை விளையாடியதால் மட்டுமே கிடைத்த அனுபவம் அது. நூறு மணித்தியால விளையாட்டு எதுவும் எனக்கு இதைத் தந்ததில்லை.

நானாவிடம் சொன்னேன். "அது பத்து டொலர். மற்றது அறுபது டொலர். காசு கொடுப்பவன் கணக்குப் பார்க்கத்தானே வேணும்?" என்றார். நியாயம்தான். 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை போனது. 12,000 ரூபா விளையாட்டு 21,600 ரூபாவானது. அப்படியான நாட்டில் இருந்துகொண்டு மணித்தியாலத்தை எண்ணாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீளமே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. 2017இல் வந்த 'செல்டா: பிரெத் ஒஃப் த வைல்ட்' மிக நீளமானதுதான். ஆனால் தொடக்கப் பகுதி முடிந்ததும், துணிவிருந்தால் நேரே கடைசிக் கோட்டைக்கே போகலாம். நீளத்தை நம் கையில் தந்துவிடுகிறது.

ஆனால் திரும்பத் திரும்பப் போவதெல்லாம் ஒன்றல்ல. கைத்தொலைபேசியில் சில விளையாட்டுகள் தினமும் பரிசு தருகின்றன. ஒரு நாள் தவறினால் சேர்த்த வரிசை அறுந்துவிடும். சஹருக்கு எழும்பியதும் முதலில் அதைத் திறந்து பார்க்கும் தோழிகள் எனக்கு இருக்கிறார்கள். அவர்களிடம் விருப்பமா என்று கேட்டால், "இல்லடி, விட்டா போயிடும்" என்கிறார்கள். அது மீண்டும் விளையாடுவது அல்ல, கடன் கட்டுவது. நேரமும் ஓர் அமானிதம் என்று படித்த நாம் அதிகம் அஞ்ச வேண்டியது இந்த வகைக்குத்தான்.

போன நோன்பில் தராவீஹ் முடிந்து வந்த நானாவும் மாமாவின் பிள்ளைகளும் கரம் பலகையை இறக்கினார்கள். மூத்தப்பா காலத்துப் பலகை, ஒரு மூலை உடைந்தது. ஓர் ஆட்டம் பத்து நிமிடம். சஹர் வரைக்கும் எழும்பவில்லை.

"இது எத்தனை மணித்தியாலம் ஓடும் நானா?" என்று கேட்டேன். ஸ்ட்ரைக்கரைக் குறி பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை.