எடையும் எண்ணிக்கையும்

பதினோராம் வகுப்பில் பயிலும் தம் மகள் வேதியியலில் வரும் ‘மோல்’ கணக்கைக் கண்டு அஞ்சுவதாகவும், “இதனால் வீட்டுக்கு என்ன பயன்?” என்று கேட்பதாகவும் ஒரு தாய் எழுதியுள்ளார். நியாயமான கேள்வி. கலைப்பிரிவில் பட்டம் பெற்ற என்னிடம் இதைக் கேட்டது சற்று விந்தைதான். எனினும் விடை பெரும்பாலான வீடுகளின் மருந்துப் பெட்டியிலேயே இருக்கிறது.

வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்குக் கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் பின்புறத்தை மகளிடம் படிக்கக் கொடுங்கள். குளுக்கோஸ் 13.5 கிராம், சமையல் உப்பாகிய சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம். இவை ஒரு லிட்டர் நீருக்கு உரியவை. உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 2002 முதல் பரிந்துரைத்துவரும் அளவு இது. குளுக்கோஸ் அள்ளிப் போட்டதுபோலும், உப்பு கிள்ளிப் போட்டதுபோலும் தோன்றும். உண்மையில் குளுக்கோஸும் சோடியமும் இதில் ஏறத்தாழச் சரிசமம். எடையிலன்று, எண்ணிக்கையில்.

ஒரு கிலோ மாம்பழத்தில் நாலைந்து பழங்கள் இருக்கும். ஒரு கிலோ இலந்தைப் பழத்தில் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒரு பழத்தின் எடை தெரிந்தால், எண்ணாமலேயே தராசைக் கொண்டு எண்ணிக்கையைச் சொல்லிவிடலாம். மோல் கணக்கு இவ்வளவே. அணுக்கள் மிகச் சிறியவையாதலால் ‘டஜன்’ போதாது. 6022 என எழுதி அதன்பின் 20 பூஜ்யங்கள் இட்டால் வருவது ஒரு மோல். இதற்கு அவகாட்ரோ எண் என்று பெயர். இத்தாலியரான அவகாட்ரோ முதலில் சட்டம் பயின்றவர். 1856இல் அவர் மறைந்தபோது இந்த எண் எவருக்கும் தெரியாது. 1909இல் பெரின் என்ற பிரெஞ்சு அறிஞரே இதற்கு அவர் பெயரைச் சூட்டினார்.

ஒரு பொருளின் மூலக்கூறு நிறையைக் கிராமில் எடுத்தால் அது ஒரு மோல். தண்ணீருக்கு 18 கிராம், அதாவது ஒரு மிடறு. சமையல் உப்புக்குச் சோடியம் 23, குளோரின் 35.5, ஆக 58.5 கிராம். குளுக்கோஸுக்கு 180 கிராம். இனிப் பொட்டலத்துக்கு வருவோம். 13.5ஐ 180ஆல் வகுத்தால் 0.075 மோல். அவகாட்ரோ எண்ணால் பெருக்கினால், 45 என எழுதி 21 பூஜ்யங்கள் இடும் அளவுக்குக் குளுக்கோஸ் மூலக்கூறுகள். உப்பு 2.6ஐ 58.5ஆல் வகுத்தால் 0.044. சிட்ரேட்டின் நிறை 294. அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் மூன்று சோடியம் உள்ளதால், அதிலிருந்து 0.030. இரண்டும் சேர்ந்து 0.074. சமமாகிவிட்டதல்லவா?

சமம் எதற்கு? குடற்சுவரில் ஒரு வாயில் உண்டு. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் அது திறக்கும்; அவற்றைப் பின்தொடர்ந்து நீரும் உடலுக்குள் செல்லும். 1960இல் ராபர்ட் கிரேன் இதனை எடுத்துரைத்தார். காலராவிலும் இவ்வாயில் பழுதடைவதில்லை. 1971இல் மேற்கு வங்கத்தின் பங்காவ் அகதி முகாமில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்த அறிவைக்கொண்டே, ஊசிவழி ஏற்றும் நீர் தீர்ந்துபோன நிலையில், எண்ணற்ற உயிர்களைக் காத்தார். வாயிலுக்குக் கிராம் தெரியாது. எண்ணிக்கை மட்டுமே தெரியும்.

ஆகவே தாய்மார்கள் கவனிக்க வேண்டியது நீரின் அளவு. “கெட்டியாகக் கொடுத்தால் தெம்பு வரும்” என்று ஒரு லிட்டருக்குரிய பொட்டலத்தை 200 மில்லி டம்ளரில் கரைத்தால் அடர்த்தி ஐந்து மடங்காகும். அத்தகைய கரைசல் உடலின் நீரைக் குடலுக்குள் இழுத்து, பேதியை மேலும் கடுமையாக்கும். 200 மில்லிக்குரிய சிறு பொட்டலங்களும் கடைகளில் உண்டு. எதுவென்று படித்தபின் கரையுங்கள்.

பொட்டலம் கிடைக்காத வேளையில், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். நம் சர்க்கரையின் மூலக்கூறு நிறை 342. குடலில் அது குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரியும். ஆறு கரண்டி ஏறத்தாழ 25 கிராம். எத்தனை மோல் என்று மகளையே வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குழந்தை குடிக்க மறுத்தாலோ, சோர்ந்து மயங்கினாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ தாமதியாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். கரைத்து வைத்த நீரை 24 மணி நேரத்துக்குப்பின் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைக்க வேண்டும்.