நம் ஓட்டு எந்தத் தோட்டத்தில் கிடக்கிறது?

தேர்தல் வந்தால்தான் தோட்டத்துச் சாலைக்குத் தார் வரும். கோயிலுக்குச் சாயம் வரும். லயத்து வாசலுக்கு வேட்பாளர் வருவார். இது நம் பாட்டன் காலத்திலிருந்து பார்த்து வரும் கூத்துதான். கையைக் கூப்புவார், குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவார், பெரியவர்கள் காலைத் தொடுவார். போகும்போது ஓர் அரிசி மூட்டையும் இருக்கும். அப்புறம்? அடுத்த தேர்தலுக்குத்தான் தரிசனம்!

வேட்பாளர்களைத் திட்டிப் பக்கத்தை நிரப்புவது சுலபம். இன்று நாம் சொல்ல வந்தது அதுவல்ல. ஓட்டுப் போடும் நம்மிடம் இருக்கும் ஓட்டையைப் பற்றித்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது. கசப்பாக இருந்தாலும் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நம் நாட்டு அரசியல் தொடக்கத்திலிருந்தே கூட்டணி அரசியல்தான். 1955 ஜூலை 27-இல் நடந்த தேர்தலில் அம்னோ, ம.சீ.ச., ம.இ.கா. மூன்றும் ஒரே அணியாக நின்று 52 இடங்களில் 51-ஐப் பிடித்தன. அன்று வாக்காளர் பட்டியலில் நம்மவர் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போய் நின்றது நாம்; மங்கு மங்காகப் பால் சேர்த்தது நாம்; ஆளப்போகிறவர் யார் என்று முடிவு செய்தது மட்டும் வேறு யாரோ! குடியுரிமைப் பத்திரம் இல்லாதவனுக்கு ஓட்டு ஏது? அந்தப் பத்திரத்தை எடுக்காமல் இருந்ததன் விலையை 1969-க்குப் பிறகு நாம் கொடுத்தோம். சிவப்பு ஐ.சி. வைத்திருந்தவர்களுக்கு வேலைப் பெர்மிட் கட்டாயம் என்றார்கள். பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். இந்த மண்ணில் பிறந்த பிள்ளைகளும் அழுதுகொண்டே கூடப் போனார்கள்.

பினாங்கின் கதையைப் பாருங்கள். 1969 மே 10 தேர்தலில் கெராக்கான் கட்சி எதிர்க்கட்சியாக நின்று இந்த மாநிலத்தைப் பிடித்தது. டாக்டர் லிம் சோங் இயூ முதலமைச்சர் ஆனார். “கூட்டணியை வீழ்த்திவிட்டோம்” என்று ஜனங்கள் கொண்டாடினார்கள். மூன்று வருஷம் ஆகவில்லை. 1972-இல் அதே கெராக்கான் அதே கூட்டணியோடு கைகோத்துக்கொண்டது. 1974 தேர்தலில் இருவரும் தேசிய முன்னணி என்ற ஒரே பந்தலில் நின்றார்கள். அதே 1972-இல்தான் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கியது. வயலும் தென்னையும் கம்பமுமாக இருந்த ஊருக்குத் தொழிற்சாலைகள் வந்தன, வேலை வந்தது. கட்சி மாறியது நல்லதா கெட்டதா என்று ஒட்டுக்கடையில் உட்கார்ந்து இன்றைக்கும் வாதாடலாம். ஆனால் ஒன்று கேட்கிறோம்: ஓட்டுப் போட்டவனைக் கேட்டுக்கொண்டா மாறினார்கள்?

அன்று நடந்தது இன்றும் நடக்கிறது. 2018 மே 9-இல் நம்பிக்கைக் கூட்டணி வென்று, சுதந்திரம் கிடைத்த காலம் முதல் ஆண்ட அணியை முதன்முறையாக வீட்டுக்கு அனுப்பியது. 22 மாதம்தான்! 2020 பிப்ரவரியில் உள்ளேயிருந்தே சிலர் அணி மாறினார்கள், அரசு கவிழ்ந்தது. 2022 நவம்பர் 19-இல் மறுபடியும் தேர்தல். ‘ஊழல் கூட்டம்’ என்று இவர்களும், ‘நாட்டைக் கெடுத்தவர்கள்’ என்று அவர்களும் மேடை மேடையாக முழங்கினார்கள். முடிவு வந்தபோது 222 இடங்களில் யாருக்கும் 112 கிடைக்கவில்லை. நம்பிக்கைக் கூட்டணி அணிக்கு 82, பெரிக்காத்தான் நேஷனல் அணிக்கு 74, தேசிய முன்னணிக்கு 30, மீதியில் பெரும்பகுதி சபா, சரவாக் கட்சிகளுக்கு. நேற்றுவரை சண்டை போட்ட 82-ம் 30-ம் ஒன்றாகச் சேர்ந்தன. சரவாக், சபா அணிகளும் வந்தன. நவம்பர் 24-இல் டத்தோஸ்ரீ அன்வார் பிரதமர் ஆனார்.

இதில் தப்பு என்ன என்று கேட்பீர்கள். தப்பு என்று நாம் சொல்லவில்லை. யாருக்கும் பெரும்பான்மை இல்லாதபோது சேர்ந்து ஆள்வதைத் தவிர வேறு வழி கிடையாது. கட்சி தாவினால் பதவி போகும் என்ற சட்டம் 2022 அக்டோபர் 5-இல் நடப்புக்கு வந்தது, நல்ல சட்டம்தான். ஆனால் அது தனி ஆள் தாவுவதைத்தான் தடுக்கிறது. ஒரு கட்சி மூட்டை முடிச்சோடு அணி மாறினால் அதைத் தடுக்கச் சட்டம் இல்லை. ஆகவே, நாம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். தலைவர்கள் நாளைக்கே ஒரு பந்தியில் உட்காருவார்கள். நாம் இங்கே அவர்களுக்காக அண்ணன் தம்பி பேச்சு வார்த்தையை முறித்துக்கொண்டு, ஒரே லயத்தில் இரண்டு கொடி கட்டி, கோயில் திருவிழாவையும் இரண்டாக்கிக்கொண்டு நிற்க வேண்டுமா? ஊர் இரண்டுபட்டால் யாருக்குக் கொண்டாட்டம் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

“அப்படியானால் யாரு வந்தா என்ன? நமக்கு மரம் வெட்டினாத்தான் சோறு” என்று சிலர் சொல்வார்கள். இந்தப் பேச்சைத்தான் நாம் அடியோடு விட வேண்டும். யார் வந்தாலும் ஒன்றுதான் என்றால், நம் சம்பளக் கணக்கு வேறு கதை சொல்கிறதே!

2007 நவம்பர் 25-இல் நம்மவர்கள் கோலாலம்பூர் தெருவில் ஆயிரம் ஆயிரமாய்த் திரண்டார்கள். அடுத்து வந்தது 2008 மார்ச் 8 தேர்தல். தேசிய முன்னணி 140 இடங்களோடு நின்றது. மூன்றில் இரண்டு பங்குக்கு வேண்டிய 148 கிடைக்கவில்லை. நான்கு மாநிலங்கள் கைமாறின. தோட்டங்கள் நிறைந்த சுங்கை சிப்புட்டில் 1974 முதல் இருந்த டத்தோஸ்ரீ சாமிவேலு தோற்றார். ஒரு காலத்தில் கரும்பும், பிறகு ரப்பரும் செம்பனையும் விளைந்த பத்து காவானில் பேராசிரியர் இராமசாமி, அதுவரை பினாங்கு முதலமைச்சராக இருந்த டாக்டர் கோ சூ கூனைத் தோற்கடித்தார். பினாங்கில் முதன்முறையாக ஒரு தமிழர் துணை முதலமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது? நாட்டுக்கெல்லாம் பொதுவான குறைந்தபட்சச் சம்பளத்துக்கு 2011-இல் சட்டம் வந்தது. 2013 முதல் தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி. 2022 மே முதல் 1,500 வெள்ளி. 2025-இல் 1,700 வெள்ளி. இந்த உயர்வுகளைக் கொடுத்தது ஒரே அரசு அல்ல. வெவ்வேறு பிரதமர்கள், வெவ்வேறு அணிகள். தொழிற்சங்கங்கள் வருஷக்கணக்காய்க் கேட்டுக்கொண்டிருந்தது, ஓட்டு ஆட்டம் கண்ட பிறகு வேகமாக நடந்தது. இது தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நம்முடைய ஓட்டு சட்டைப்பையில் கிடக்கிறது என்று ஓர் அணி நினைத்தால் அங்கே நமக்கு மரியாதை இருக்காது. அது கைநழுவிப் போகும் என்ற பயம் இருந்தால்தான் நம் வாசலுக்கு வழி தெரியும் என்பதே நம் கருத்து.

இப்போதுதான் தலையாய விஷயத்துக்கு வருகிறோம். இந்த ஓட்டு உங்களுக்கு எங்கே இருக்கிறது?

ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அப்பா செபராங் பிறையில் ஒரு தோட்டத்தில் பால் மரம் வெட்டினார். தோட்டம் விற்கப்பட்டது, லயம் இடிந்தது, அங்கே இப்போது வீடமைப்புப் பகுதி. மூத்த மகள் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. சுங்கை ஆராவில் வாடகை வீடு. சின்னவன் கெடாவிலிருந்து தொழிற்சாலை பஸ்ஸில் விடிகாலையில் பாலம் தாண்டி வருகிறான். ஆனால் எல்லாருடைய ஐ.சி.யிலும் இருப்பது அந்தப் பழைய தோட்டத்து முகவரி! இப்படி எத்தனை குடும்பம்? உங்கள் வீட்டிலேயே இருக்கலாம்.

முன்பு பேரைப் பதிந்தால்தான் ஓட்டு. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானாலே பேர் தானாகப் பட்டியலில் ஏறிவிடுகிறது. 2018-இல் சுமார் 1 கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர் தொகை 2022-இல் 2 கோடியே 11 லட்சத்தைத் தாண்டியது இதனால்தான். நல்லதுதான், ஆனால் பேர் ஏறுவது ஐ.சி. முகவரிப்படி. இடிந்துபோன லயத்து முகவரியில் உங்கள் ஓட்டும் இடிந்துபோய்க் கிடக்கும். வாழ்கிற ஊரில் குப்பை அள்ளவில்லை, வெள்ளம் வீட்டுக்குள் வருகிறது, தமிழ்ப்பள்ளிக்கு இடம் பற்றவில்லை என்று அந்த ஊர் சட்டமன்ற உறுப்பினரிடம் போய் நின்றால், உங்கள் பேர் அவர் பட்டியலில் இல்லை. பழைய தொகுதியிலோ உங்கள் முகத்தையே யாருக்கும் தெரியாது. இரண்டு ஊரிலும் நாம் இல்லாதவர்கள் ஆகிவிடுகிறோம்!

எந்தத் தொகுதியில் ஓட்டு என்பது சின்ன விஷயம் இல்லை. 2013 தேர்தலில் எதிரணிக்கு நூற்றுக்கு ஏறக்குறைய 51 ஓட்டு விழுந்தது. இடம் கிடைத்ததோ 89. தேசிய முன்னணிக்கு நூற்றுக்கு 47 ஓட்டு, இடம் 133. மொத்த ஓட்டு அல்ல, அது விழுகிற இடம்தான் ஆட்சியை முடிவு செய்தது. நாட்டில் நம்மவர் பாதிப் பேராக இருக்கும் நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுகூட இல்லை. ஆனால் இரண்டு மூன்று அணிகள் மோதும் தொகுதியில் சில நூறு ஓட்டு போதும், தராசு சாய்ந்துவிடும். அந்தச் சில நூறு நாமாக இருக்கலாம். வேறு ஊர்ப் பட்டியலில் சிதறிக் கிடந்தால் எப்படி?

செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதலில் தேசியப் பதிவு இலாகாவுக்குப் போய் ஐ.சி. முகவரியை மாற்றுங்கள். அதோடு வேலை முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்! ஓட்டுத் தொகுதி தானாக மாறாது. தேர்தல் ஆணையத்துக்குத் தனியாக விண்ணப்பம் போட வேண்டும். கைத்தொலைபேசியில் ஐ.சி. எண்ணைத் தட்டி உங்கள் வாக்களிப்பு மையம் எது என்று பார்த்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. பெரியவர்களுக்குத் தெரியாவிட்டால் பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். தேர்தல் அறிவித்த பிறகு ஓடினால் பயன் இல்லை, பட்டியல் மூடிவிடும். இப்போதைய நாடாளுமன்றம் முதன்முதலில் கூடியது 2022 டிசம்பர் 19-இல். ஐந்து வருஷம் முடிந்தால் அது தானாகக் கலையும். அதற்கு முன்பும் கலைக்கலாம். பினாங்கு சட்டமன்றத்துக்கு 2023 ஆகஸ்டு 12-இல் தனியாகத் தேர்தல் நடந்தது என்பதையும் மறக்காதீர்கள். எந்தத் தேர்தல் எப்போது வரும் என்று காத்திருப்பது புத்திசாலித்தனம் அல்ல.

வேலைக்குப் போகாவிட்டால் பேர் போகுமே, சம்பளம் போகுமே என்ற கவலையும் இருக்கிறது. வாக்களிப்பு நாளில் ஓட்டுப் போட்டு வரத் தொழிலாளிக்குப் போதுமான நேரம் கொடுக்க வேண்டும், அதற்காகச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்று 1954-ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டமே சொல்கிறது. தோட்டத்து ஆபீசானாலும் சரி, தொழிற்சாலையானாலும் சரி, சட்டம் ஒன்றுதான். கிராணியிடம் தைரியமாகக் கேளுங்கள். அதே சட்டப்படி ஓட்டுக்குக் காசு கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். ஐம்பது வெள்ளிக்கு ஐந்து வருஷத்தை விற்றால், நாள் கணக்குக்கு மூன்று காசுகூடத் தேறாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்!

இன்னொன்று. நம் வீடுகளில் ஆம்பளை சொன்ன சின்னத்துக்கே பொம்பளையும் போட வேண்டும் என்ற வழக்கம் இன்னும் போகவில்லை. மரம் வெட்டுவதில் சமபங்கு, செம்பனைக் காட்டில் உதிரி பொறுக்குவதில் சமபங்கு, தொழிற்சாலை ஷிப்டில் சமபங்கு. ஓட்டில் மட்டும் தலையாட்டிப் பொம்மையா? குடும்பக் கஷ்டத்தை ஆண்களைவிட நன்றாக அறிந்தவர்கள் தாய்மார்கள். அவர்கள் யோசித்துப் போடட்டும்.

எந்த அணிக்குப் போடுங்கள் என்று நாம் சொல்லப்போவதில்லை. வருகிறவர் யாராக இருந்தாலும் நாலு கேள்வி கேளுங்கள். தோட்டத்தை விட்டுப் போகும் தொழிலாளிக்குச் சொந்த வீடு கிடைக்க உங்கள் அணி என்ன செய்யும்? தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் நிலம் யார் பேரில் இருக்கிறது, அதைப் பள்ளிக்கே எழுதித் தருவீர்களா? குறைந்தபட்சச் சம்பளம் காகிதத்தில் இருந்தால் போதாது, கைக்கு வருகிறதா என்று யார் பார்ப்பது? பிறப்புப் பத்திரமும் நீல ஐ.சி.யும் இல்லாமல் தவிக்கும் நம் பிள்ளைகளுக்கு எத்தனை நாளில் வழி செய்வீர்கள்? பதிலை வாயால் வாங்காதீர்கள், எழுதி வாங்குங்கள். தோட்டக் கோயில் கமிட்டியும் பள்ளிப் பெற்றோர் சங்கமும் அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். வென்றவர் நாளைக்கு அணி மாறினாலும் எழுதிக் கொடுத்த கையெழுத்து மாறாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லாருடைய ஐ.சி.யையும் எடுத்து மேசைமேல் வையுங்கள். பின்புறம் தேவையில்லை, முகவரியை மட்டும் படியுங்கள். அதில் இருப்பது நீங்கள் இன்று தூங்கி எழும் வீடா? இல்லையென்றால் திங்கட்கிழமை அரைநாள் லீவு எடுத்தாவது பதிவு இலாகா வரிசையில் போய் நில்லுங்கள். அந்த அரைநாள் சம்பளம் வீண் போகாது.